முதலில் வலது கை

கிடார் கற்க வருகிறவர்கள் முதல் நாள் இடது கையைத்தான் நீட்டுவார்கள். "விரல் குட்டையா இருக்கே மாஸ்டர், எட்டுமா?" என்பார் ஒருவர். "கம்பிய அமுக்கி அமுக்கி ரத்தம் வந்துரும்ங்கிறாங்களே, நெசமா?" என்பார் இன்னொருவர். மகளைக் கூட்டிவரும் அம்மா, பிள்ளையின் விரல்களைப் பிரித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். வலது கையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒலியை எழுப்புவது அந்தக் கை. பாட்டு நடக்கிறதா, நொண்டுகிறதா என்று தீர்மானிப்பதும் அதுதான். மதுரையில் பல வருஷம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது: இடது கை பழக மாதக்கணக்கில் ஆகும், அதை யாராலும் சுருக்க முடியாது. வலது கையோ இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதி பழகியே வருகிறது. தொடக்கத்தை அங்கே வைத்துக்கொண்டால் பிள்ளை ஓடிப்போகாது.

ஆனால் அதற்கும் முன்னால் கருவியைப் பார்த்துவிட வேண்டும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கற்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லும் பத்துப் பேரைப் பிடித்து அவர்களுடைய கிடாரை வாங்கிப் பார்த்தால், பாதிப் பேரைக் கைவிட்டது கிடார்தான் என்று தெரியும்.

எங்கள் காலத்தில் கடையில் தொங்கியதெல்லாம் பெரும்பாலும் கொல்கத்தாவில் செய்த கிவ்ஸன். இன்று ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்கே கிடார் வீட்டுக்கு வந்துவிடுகிறது. யமஹா 2019இல் சென்னைக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை திறந்தது. அங்கே செய்த கிடார்கள் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் கடையிலிருந்து வந்தபடியே வாசிக்க உட்காரக் கூடாது. கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் உள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்கிறோம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். தடித்த ஆறாவது கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பிள்ளை வாசிக்கும். என்னிடம் வரும் மலிவுக் கிடார்களில் 4 மில்லிமீட்டர் சாதாரணம். அந்த உயரத்தில் பெரியவர்களுக்கே கை நோகும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு சாடில் என்று பெயர். அதை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சமமாகத் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் கொஞ்சம் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று விட்டவர்கள் உண்டு. அளந்து, குறித்துக்கொண்டு, அவசரமில்லாமல் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும், புதுச் சாடில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மேலே, தலைப்பக்கம் உள்ள நட்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு சந்து இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவே இருக்க வேண்டும். நிறையச் சந்து தெரிந்தால் நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம். முதல் இரண்டு ஃபிரெட்டுகளில்தான் தொடக்கப் பாடம் முழுக்க நடக்கிறது. அங்கே கம்பி முரண்டு பிடித்தால் பிள்ளை தன் விரலைக் குறைசொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். நட்டைத் தேய்க்க மெல்லிய அரம் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல், பழுது பார்க்கிறவரிடம் கொடுப்பது நல்லது.

அடுத்தது கம்பி. தொடங்குகிறவர்களுக்கு 10 என்று எண் போட்ட மெல்லிய ஸ்டீல் செட் போதும். 12 எண் செட்டை மாட்டி ஸ்ருதி கூட்டினால் ஆறு கம்பியும் சேர்ந்து கிடாரை இழுக்கும் இழுவை சுமார் 70 கிலோ. நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிடாரில் அது 40 கிலோ அளவுதான். நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பியை மாட்டிவிட்டு, பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வந்த பிறகு என்னிடம் தூக்கி வருகிறார்கள். பிரிட்ஜில் குத்தூசி மாதிரி ஆறு முளைகள் இருந்தால் அது ஸ்டீல் கம்பிக்கான கிடார். முளை இல்லாமல் கம்பியை முடிச்சுப் போடும் இடம் இருந்தால் அதில் நைலான் மட்டும்தான். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நைலான் கம்பி போட்ட முக்கால் அளவுக் கிடாரைத்தான் நான் சொல்வேன்.

மதுரை வெயிலையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும். தகர ஷீட் போட்ட மாடி அறையில் மாட்டி வைத்த கிடாரின் பிரிட்ஜ் பசை இளகி முன்பக்கம் எழும்பும். காரின் டிக்கியில் மத்தியானம் முழுக்க வைத்துவிட்டு எடுத்தாலும் இதே கதிதான். ஐப்பசி மழையில் மரம் ஈரத்தை வாங்கி உப்பும், மேல்பலகை எழும்பும், ஆக்‌ஷன் ஏறும். கோடையில் அதே பலகை வற்றி இறங்கும், கம்பி இரையும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அளந்து பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியைத் துடைக்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு மெல்லிய கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியில் விரல் வழுக்காது, தோல் கிழியும்.

இனி வலது கைக்கு வருகிறேன்.

நான் கிடார் பிடித்தது ஒரு தேவாலய வாலிபர் குழுவில். கீழவாசல் பக்கம் ஒரு வளவில் குடியிருந்தோம். சுவருக்கு ஒரு குடும்பம், முற்றம் எல்லோருக்கும் பொது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கம்பியைத் தட்டினால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். அதனால் இடது உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் பரப்பி, சத்தத்தை அடக்கிவிட்டு, வலது கையை மட்டும் வாசித்துப் பழகினேன். "சரக் சரக்" என்று துடைப்பம் போடும் சத்தம்தான் வரும், யாரும் கோபிக்க மாட்டார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "இதையே செய்டா, கார்டு தானா வரும்" என்றார். அவர் பெரிய வாசிப்புக்காரர் இல்லை. பத்து கார்டு தெரியும், எந்தப் பாட்டுக்கும் அசராமல் கூட வருவார். அவர் கை தாளத்தை விட்டு ஒரு தடவை கூட இறங்கி நான் பார்த்ததில்லை.

பிறகு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். பங்குனி தொடங்கி ஆடி வரை கோயில் கொடை, பொங்கல், கல்யாணம் என்று திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என வேன் போய்க்கொண்டே இருக்கும். மேடையில் ரிதம் கிடார்க்காரனுக்குத் தனி வெளிச்சம் கிடையாது. தபேலாவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் ஒட்டவைப்பதுதான் அவன் வேலை. கூட்டம் எப்போது எழுந்து ஆடும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். நாலு எண்ணிக்கையில் போகும் காதல் பாட்டுகளுக்குக் கைதட்டுவார்கள். "தகிட தகிட" என்று ஆறில் உருளும் தெம்மாங்குப் பாட்டு தொடங்கியதும் சனம் இருந்த இடத்தில் இருக்காது. கிழவிகள் கூட உட்கார்ந்தபடியே தோளை ஆட்டுவார்கள். இந்தத் தாளம் இந்த மண்ணில் யாருக்கும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. தாலாட்டில், கும்மியில், எழவு வீட்டு ஒப்பாரியில், உறுமியிலும் தவிலிலும் பறையிலும் காது திறந்த நாளிலிருந்து கேட்டு வருவது.

கிடார்ப் பாடப்புத்தகங்கள் இதைத் தொடுவதே இல்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி, கீழ் வீச்சாக நாலு அடி. அவை எழுதப்பட்ட ஊர்களில் பிள்ளைகள் கேட்டு வளரும் பாட்டு அப்படி இருக்கிறது, அவர்களுக்கு அது சரி. மதுரைப் பிள்ளைக்கு அதை வைத்தால் புது மொழியில் எண்ணச் சொன்ன மாதிரி முழிக்கும். நான் முதல் வாரம் கார்டே சொல்லிக்கொடுப்பதில்லை. இடது கையைக் கம்பிகளின் மேல் சும்மா பரப்பி வைக்கச் சொல்லிவிட்டு, வாயால் "தகிட தகிட" சொல்லச் சொல்வேன். வாய் சொல்வதை மணிக்கட்டு செய்ய வேண்டும். முழங்கையிலிருந்து அறுக்கக் கூடாது. பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்காமல் பிடித்து, நுனி மட்டும் வெளியே தெரிய, மேலும் கீழும் வீச வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கை கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறிப் போகிறது. தாளமோ மூன்று மூன்றாகப் போகிறது. முதல் "த" கீழ் வீச்சில் விழும். அடுத்த "த" மேல் வீச்சில் விழும். மேல் வீச்சுக்கு இயல்பாகவே வலு குறைவு, அதனால் இரண்டாவது "த" அமுங்கிப் போகும். அங்கே அழுத்தம் கொடுக்கப் பழகுவதுதான் முதல் வாரத்து வேலை. முடியாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு: கீழ், கீழ், மேல் என்று ஒவ்வொரு மூன்றையும் கீழ் வீச்சிலேயே தொடங்கலாம். வேகமான பாட்டில் அது கையைக் களைக்கவைக்கும், மெதுவான பாட்டுக்கு இனிமையாக இருக்கும். நான் இரண்டையும் பழகச் சொல்வேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் தாத்தா உறுமி வாசிப்பவர். கல்லூரியில் நண்பர்கள் கிடார் வைத்திருப்பதைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. ஆனால் கூச்சம்: "நமக்கெல்லாம் இங்லீஸ் நோட்ஸ் வருமா சார்?" என்றான். நான் கம்பியை அடக்கிக் கொடுத்து, உங்கள் ஊர்க் கோயில் கொடையில் கேட்பதை இதில் தட்டு என்றேன். அவன் தட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கே அடிக்க வேண்டும் என்பதோடு எங்கே அடிக்காமல் விட வேண்டும் என்பதும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த இடைவெளியைக் கற்றுக்கொடுக்க எனக்கு மற்றவர்களிடம் ஒரு வருஷம் ஆகும். அவனுக்கு இரண்டு கார்டு மட்டும் கொடுத்தேன், ஒரு மாதத்தில் பாட்டுக்குக் கூட வாசித்தான்.

அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இந்த விஷயத்தைக் கருத்தோடு செய்தவர் ஒருவர் இருந்தார்: தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டினார், பிள்ளைகள் பரட்டை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். 2005இல் மறைந்தார். ஐரோப்பியப் பாமாலை மெட்டுகளும் கர்நாடக இசையும் ஆண்டுகொண்டிருந்த ஆராதனைக்குள் நாட்டுப்புறத் தாளத்தையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். எளிய சனங்கள் தங்கள் சொந்தத் தாளத்தில் பாடினால்தான் பாட்டு அவர்கள் கையில் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. கிடார் வகுப்புக்கும் இது அப்படியே பொருந்துகிறது. வெளியிலிருந்து வந்த கருவி இது. நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை அதில் ஏற்றிவிட்டால் கருவியின் மேல் உள்ள பயம் போய்விடுகிறது.

பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜாவின் கதையையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். அந்த ஊர் இன்று தேனி மாவட்டம், அன்று மதுரை மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியத்தோடு சுற்றினார். 1968இல் சென்னைக்குப் போன பிறகுதான் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பாடமாகக் கற்றார். கிளாசிக்கல் கிடாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு சலில் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களுக்கு ஒலிப்பதிவுகளில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். தாளமும் மெட்டும் அவருக்குள் ஊறியிருந்தன, கார்டுகளின் இலக்கணம் பிறகு வந்து சேர்ந்தது. அந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். அவருடைய மேதைமை நமக்கு வராது. அந்த வரிசை யாருக்கும் வரும்.

அவர் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்பது 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'. 1982இல் வந்த பாட்டு. இன்று பிறந்த பிள்ளையும் அதைக் கேட்டுத்தான் கிடார் வாங்குகிறது. அதில் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்த வாசிப்பில் இருக்கும் தெளிவையும் வேகத்தையும் மேடையில் அப்படியே கொண்டுவர எங்கள் தலைமுறை கிடார்க்காரர்கள் எல்லோரும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினோம். அதைத் தொடக்கப் பாடமாகக் கேட்கிறவர்களுக்கு நான் மறுக்காமல் ஒரு வழி சொல்வேன்: அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு, கார்டுகளை மட்டும் மெதுவாக அடித்துப் பழகு. கம்பிகளைத் தனித்தனியாக மீட்டுவது இரண்டாம் வருஷத்தில் வரட்டும். 'மூடுபனி'யில் வரும் 'என் இனிய பொன் நிலாவே'க்கும் இதேதான்.

கார்டுகளில் நான் முதலில் கொடுப்பது ஈ மைனர். இரண்டு விரல் போதும், ஆறு கம்பியையும் அடிக்கலாம், எதையும் தவிர்க்கத் தேவையில்லை, வலது கை சுதந்திரமாக இருக்கும். அடுத்து ஈ மேஜர். அதே உருவத்தை ஒரு கம்பி தள்ளி அங்கிட்டு வைத்தால் ஏ மைனர். ஏ மைனரில் மோதிர விரலை மட்டும் எடுத்து ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வைத்தால் சி மேஜர். இப்படி விரல் அதிகம் அலையாத வழியில் போனால் தாளம் நிற்காது. புத்தகங்கள் ஜி, சி, டி என்று தொடங்கும். ஜியிலிருந்து டிக்கு மாறும்போது மூன்று விரலும் காற்றில் எழ வேண்டும், வலது கை நின்று காத்திருக்கும். காத்திருக்கப் பழகிய கை பிறகு எப்போதும் காத்திருக்கும். அதனால் கார்டு சரியாக விழாவிட்டாலும் வலது கை நிற்கக் கூடாது என்பது என் வகுப்பில் கண்டிப்பான சட்டம். சுரம் தவறினால் அடுத்த அடியில் திருத்தலாம். தாளம் விட்டுப்போனால் பாடுகிறவர் தனியாக நிற்பார்.

விரல் நுனி மூன்று, நாலு வாரத்தில் காய்த்துவிடும். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் அமுக்கினால் அடுத்த மூன்று நாள் தொட முடியாது. ஃபிரெட்டுக் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் அமுக்கினால் பாதி பலம் போதும். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்வேன்: பாத்திரம் விளக்கிய கையோடு கிடாரை எடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறிய தோலில் கம்பி ஆழமாகப் பதியும், காய்த்த இடமும் உரியும். ஒரு அக்கா, மகன் வேலைக்குப் போனதும் அவன் விட்டுப்போன கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். விடிந்ததும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் வாசித்துவிடுவார். என் மாணவர்களில் விரல் சீக்கிரம் பதமானது அவருக்குத்தான்.

ஸ்ருதி கூட்டுவதற்கு இன்று கைப்பேசியில் ட்யூனர் இருக்கிறது. ஆனாலும் காதால் கூட்டத் தெரிய வேண்டும். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவில் ஐந்து இடைவெளிகள். அவற்றில் நாலு, சட்ஜமத்திலிருந்து சுத்த மத்யமம். ஜிக்கும் பிக்கும் நடுவில் மட்டும் சட்ஜமத்திலிருந்து அந்தர காந்தாரம். பாட்டு கற்ற பிள்ளைகள் இதைக் கேட்டதும் பிடித்துக்கொள்வார்கள். அவர்களிடம்தான் ஒரு சிக்கலும் வரும். தம்பூராவோடு பாடிப் பழகிய காதுக்கு ஜி மேஜரில் திறந்த பி கம்பி கொஞ்சம் தூக்கலாகத் தோன்றும். கிடாரின் ஃபிரெட்டுகள் பன்னிரண்டு சுரங்களையும் சமமாகப் பங்கிட்டு வைத்தவை, அதில் காந்தாரம் இயற்கையான இடத்தைவிட 14 சென்ட் மேலே நிற்கிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 100 சென்ட் என்றால் இது ஏழில் ஒரு பங்கு. பிள்ளை பியைக் கொஞ்சம் தளர்த்தும், ஜி மேஜர் தேனாக ஒலிக்கும். உடனே ஈ மைனருக்கு மாறினால் அதே பி பஞ்சமமாக நின்று இறங்கிக் கேட்கும். அந்தக் காது தவறில்லை, மிக நல்ல காது. ஆனால் எல்லாக் கார்டுக்கும் பொதுவாக ஒரு சமரசத்தில் நிற்கும் கருவி இது என்று அவர்களுக்கு விளக்க வேண்டும். காந்தாரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் கம்பியை இழுத்து கமகம் வாசிக்கலாம். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் ஃபிரெட் உள்ள கிடாரிலேயே கர்நாடக இசையை முழுக் கச்சேரியாக வாசித்துக் காட்டினார்கள்.

கட்டைக் கணக்கை ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவேன். மேடையில் பாடகர் சொல்வது கட்டைதான்: ஒரு கட்டை சி, இரண்டு டி, நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். நாலரைக் கட்டை என்றால் தொடக்கநிலைப் பிள்ளைக்குக் கார்டே தெரியாது. ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் கேப்போவை நாலாவது ஃபிரெட்டில் மாட்டி, டி மேஜர் குடும்பத்தையே வாசித்தால் நாலரை வந்துவிடும். இரண்டாவது ஃபிரெட்டில் மாட்டி ஈ குடும்பத்தை வாசித்தாலும் வரும். கேப்போ ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். பாடுகிறவரின் தொண்டைக்கு ஏற்ற இடத்தில் போய் நிற்பது மரியாதை, அதற்கு எந்தக் கருவி உதவினாலும் நல்லது.

பெற்றோர் கேட்கும் இன்னொன்று கிரேடு. டிரினிட்டி தேர்வுகள் இனிஷியல் தொடங்கி எட்டு வரை உண்டு. நல்ல பாடத்திட்டம், இசையை எழுதிப் படிக்கவும் பழக்கும். முதல் வருஷத்தில் மட்டும் வேண்டாம் என்பேன். மூன்று பாட்டை மட்டும் மனப்பாடம் செய்து சான்றிதழ் வாங்கிய பிள்ளை, வீட்டில் பாட்டி பாடினால் கூட வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைகளைத் திரும்ப "தகிட"வுக்குக் கூட்டிவருவது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

கடைசியாக எஃப் மேஜர். ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் முழுவதும் படுக்கவைக்கும் இந்தக் கார்டு வரும் மாதத்தில்தான் நிறையப் பேர் வகுப்புக்கு வருவதை நிறுத்துகிறார்கள். முதலிலேயே நட்டைச் சரிசெய்தோமே, அதன் பலன் இங்கே தெரியும். கம்பி மிக விறைப்பாக இருப்பது நட்டுக்குப் பக்கத்தில்தான். அதனால் எஃபை அங்கே தொடங்காமல், அதே உருவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் வைக்கச் சொல்கிறேன், அது ஏ மேஜர். ஆள்காட்டி விரலின் தட்டையான பக்கத்தில் வைக்காமல், கொஞ்சம் சாய்த்து, எலும்பு படும் ஓரத்தில் வைத்தால் கம்பி அடங்கும். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் நடுவில் நிற்க வேண்டும். ஏ பழகியதும் மூன்றாவது ஃபிரெட்டுக்கு இறங்கினால் ஜி, அப்புறம் முதல் ஃபிரெட்டில் எஃப். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம், வலது கை வழக்கம் போலத் "தகிட" போட்டுக்கொண்டே இருக்கட்டும். எஃப் கைக்கு வந்த வாரத்தில் பிள்ளையை வகுப்பை விட்டு வெளியே அனுப்புகிறேன்: தேவாலயப் பாடகர் குழுவுக்கு, கல்லூரி விடுதிக்கு, வீட்டில் பாடும் அத்தைக்கு. பாடுகிறவர் கட்டையைச் சொல்லட்டும், பிள்ளை கேப்போ இல்லாமல் கார்டைத் தேடிப் பிடிக்கட்டும். தேடும் நேரத்தில் கம்பியை அடக்கிக்கொண்டு தாளத்தை மட்டும் வாசிக்கலாம், பாட்டு நிற்காது.